செல்லாத பெட்டி

ஆவணி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, ஏழரை மணிக்கு மாமாவிடமிருந்து போன். “தம்பி, பெட்டி இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது. வந்து என்னான்னு கேளு.” சொந்த மாமா இல்லை, அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். ரங்கூன் பயின்னௌங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை, பச்சைப் பயறு வாங்கி விற்கிறவர். நான் எழுதிய கணக்கு மென்பொருளை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவரும் அவர்தான். போனைக் கடைப் பையனிடம் கொடுக்கச் சொல்லி, திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். அவன் பர்மியப் பையன், இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான். ஏ, பி, ஐ. ஒரு கோடு. எம், எஸ். ஒரு கோடு. வின். ஒரு கோடு. சி, ஆர், டி. அந்த மூன்று எழுத்தும் காதில் விழுந்ததுமே வயிற்றில் புளியைக் கரைத்தது. முழுப் பெயரையும் அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. தப்பு என்னுடையது.

விஷயம் இதுதான். நிரலை ஓடுகிற புரோகிராமாக மாற்றித் தருகிற கருவி கம்பைலர். பல வருஷமாகப் பழைய கம்பைலரில் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் மென்பொருளை ஆனி மாதம் புதிய கம்பைலருக்கு மாற்றினேன். விஷுவல் ஸ்டூடியோ 2015-இலிருந்து சி மொழியின் அடிப்படை நூலகத்தை யுனிவர்சல் சிஆர்டி என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். விண்டோஸ் 10-இல் அது கூடவே பிறந்தது, யாரும் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். விண்டோஸ் 7-இல் அது கேபி2999226 என்ற அப்டேட்டாக வந்து சேர வேண்டும். வராத பெட்டியில் புரோகிராமைத் திறந்தால் இன்ன டிஎல்எல் (புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று திரையில் ஒரு சின்ன அறிவிப்பு எழும்பும், அதோடு சரி. மற்ற டிஎல்எல்களையெல்லாம் ஞாபகமாகக் கூட வைத்து அனுப்பிய நான் இதை மட்டும் விட்டுவிட்டேன், ஏனென்றால் என் மேசையில் இருக்கிற மூன்று பெட்டியும் விண்டோஸ் பத்தும் பதினொன்றும். அங்கே எல்லாம் ஓடியது. ஓடினால் சரி என்று பென் டிரைவில் ஏற்றிப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாமாவின் பெட்டிக்கு அந்த அப்டேட் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு, ரங்கூனில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2011-இல் வாங்கிய பெட்டி. அதில் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தவர் காசு கொடுத்து வாங்கியதைப் போடவில்லை. குட்டு உடைந்துவிடும் என்று அப்டேட்டை முதல் நாளே அணைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு அதைத் தட்டி எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நெட்டும் அப்போது கடைக்கு வரவில்லை. 2014-இல் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் ஊரே நெட்டுக்குள் வந்தது, அதுவும் போன் வழியாக. கம்ப்யூட்டர் என்பது இங்கே பலருக்கு நெட்டோடு சம்பந்தமில்லாத ஒரு கணக்குப் பெட்டி. மென்பொருள் சிடியிலும் பென் டிரைவிலும் கைமாறும் சரக்கு. ஆதரவு முடிந்தது என்று அமெரிக்காவில் ஒருவர் அறிவித்தால், அது வந்து சேர இங்கே கம்பியே இல்லை.

செத்தது எப்போது?

விண்டோஸ் 7-க்கு இன்னும் ஆதரவு கொடுக்கலாமா என்ற விவாதம் அலுவலகத்தில் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம் என்றால் பபேடானில் மூன்றாம் மாடியில் ஒரு அறை, மூன்று பேர், ஒரு இன்வர்ட்டர். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் பில்டு ஓட்டுகிறோம். எங்களில் சின்னவள் ஒரு பர்மியப் பெண், என்னை ‘சயா’, அதாவது வாத்தியார், என்பாள், என்னைவிட நன்றாக நிரல் எழுதுவாள். விண்டோஸ் 7-ஐ விட்டுவிடுவோம் என்பது அவள் கட்சி. வாய்ச் சண்டைக்கு வரவில்லை அவள். ஒரு நாள் எங்கள் நிரல் முழுவதையும் தேடி, ‘ஏழாக இருந்தால் இப்படி, இல்லையென்றால் அப்படி’ என்று பாதை பிரிகிற இடங்களை எண்ணி ஒரு துண்டுத் தாளில் எழுதி என் மேசையில் வைத்தாள். அறுபத்து மூன்று. அதன் கீழே இன்னொரு வரி: இவற்றை எல்லாம் சோதித்துப் பார்க்கிற இயந்திரங்கள், ஒன்று. அந்த ஒன்று இரும்பு அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிற ஒரு பழைய மடிக்கணினி. பேட்டரி வீங்கி, அடிப்பக்கம் பலாச்சுளை மாதிரி பிதுங்கிவிட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சொருகித்தான் ஓட்டுகிறோம், கரண்ட் போனால் அதுவும் போகும்.

அவள் சொல்வதில் பொய் இல்லை. நாங்கள் திரைகளைக் கட்டுவது க்யூட் என்ற கருவியை வைத்து. க்யூட் 5.15 ஏழில் ஓடும். க்யூட் 6 பத்துக்குக் கீழே இறங்காது. பைத்தான் என்ற நிரல் மொழியில் 3.8-தான் ஏழில் ஓடிய கடைசிப் பதிப்பு. கோ மொழி 1.20-ஓடு ஏழைக் கைகழுவியது. குரோம் 109-ஓடு நிறுத்தியது, 2023 ஜனவரியில். தேர் இழுக்கிறபோது வடம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டால் என்ன ஆகும்? தேர் உடையாது, நிற்கும். கடைசியில் வடத்தில் இருக்கிற ஓரிரண்டு பேருக்குத்தான் தோள் கழன்று போகும். அந்த ஓரிரண்டு பேர் எங்களைப் போன்றவர்கள், பெரிய கருவிகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நடுவில் நிற்கிறவர்கள்.

ஆனால் ‘செத்துவிட்டது’ என்கிற சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். ஏழுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வந்தது, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி ஆதரவு முடிந்தது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை வந்து உலகத்தைப் பூட்டியபோது, செத்து மூன்று வருஷமான எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் மறுபடி ஓட்டையை அடைக்கிற ஒரு ஒட்டு வெளியிட்டது. அதைவிட வேடிக்கை, கடைகளின் பில்லிங் இயந்திரங்களுக்கென்று அதே எக்ஸ்பியின் வயிற்றில் பிறந்த போஸ்ரெடி 2009 என்ற ஒரு பதிப்புக்கு 2019 ஏப்ரல் வரை ஒட்டுகள் வந்துகொண்டிருந்தன. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்து, தன் சாதாரண எக்ஸ்பியை நான் போஸ்ரெடிதான் என்று பொய் சொல்ல வைத்து அந்த ஒட்டுகளை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ஏழுக்கும் அப்படித்தான். 2020 ஜனவரி 14-இல் எல்லோருக்கும் முடிந்தது. காசு கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி 10 வரை நீண்டது, ஒவ்வொரு வருஷமும் விலை இரட்டிப்பாகிக்கொண்டே. இப்போது பத்தும் அதே பாதையில். 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, வீட்டுக்காரர்களுக்கு முப்பது டாலரோ வேறு வழியோ கொடுத்தால் 2026 அக்டோபர் வரை. ஒரே பொருள் ஒருவருக்குச் செத்தும் இன்னொருவருக்கு உயிரோடும் இருக்கிறது என்றால், அதைச் சாவு என்பதைவிடச் சந்தாப் பாக்கி என்பதுதான் பொருத்தம்.

இதைச் சொன்னால் சின்னவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஓட்டை ஓட்டைதான், காசு கட்டினவனுக்கு அடைத்தார்கள், கட்டாதவனுக்குத் திறந்தே கிடக்கிறது, அதற்குப் பெயர் என்ன வைத்தால் என்ன என்பாள். அதுவும் சரி.

எழுத்தும் பழசு

இயங்குதளம் மட்டும் பழசாக இருந்தால் ஒரு வழியாகச் சமாளிக்கலாம். அதற்குள் இருக்கிற எழுத்தும் பழசாக இருப்பதுதான் இந்த ஊரின் தனித் தலைவலி. மாமாவின் பேரேட்டில் வாங்குகிறவர்கள் பெயரெல்லாம் பர்மிய எழுத்தில், ஜோஜி எழுத்துருவில் கிடக்கின்றன. ஜோஜி, உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு உரிய இடங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றில் தன் இஷ்டத்துக்கு வேறு வடிவங்களை வைத்தது. ஒரே எண், இரண்டு பொருள். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய தலைமுறைக்கு இது உடனே புரியும். ‘கே’ என்று எழுத முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ககரத்தைப் போட்டோமே, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், அதே கதைதான். யூனிகோடில் ககரம் முன்னால், கொம்பு பின்னால், திரையில் மட்டும் இடம் மாறித் தெரியும். பர்மிய எழுத்திலும் முன்னால் வருகிற அந்த வளைவு அப்படியே. நமக்கு 1990-களின் முடிவில் தாம், தாப், திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் மோதிக்கொண்டன, ஆனால் அவை யூனிகோடின் இடத்தில் வந்து உட்காரவில்லை. விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துரு வந்ததும் தமிழர்கள் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்துவிட்டோம். (ரங்கூனில் லத்தா என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. விண்டோஸில் அந்தப் பெயரைப் பார்த்து, நம்ம ஊர் ஆள் எவனோ உள்ளே இருக்கிறான் என்று சின்ன வயதில் நம்பியவன் நான்.)

விண்டோஸில் பர்மிய எழுத்துக்கு ஒழுங்கான இடம் எட்டில்தான் கிடைத்தது, மியான்மர் டெக்ஸ்ட் என்ற எழுத்துருவோடு. அதுவரை ஏழிலும் எக்ஸ்பியிலும் ஊரே ஜோஜியில் எழுதித் தள்ளியது. வேறு எதில் எழுதுவது? 2019 அக்டோபர் 1-ஆம் தேதியை அரசாங்கம் யூனிகோடுக்கு மாறுகிற நாளாக அறிவித்தது. அன்றைக்கு நாங்களும் மாறினோம். மாற்றிக் கொடுக்கிற கருவிகள் உண்டு. ஒரு வரியைப் பார்த்து இது ஜோஜியாகத்தான் இருக்க வேண்டும் என்று நிகழ்தகவு கணக்குப் போட்டு ஊகிக்கிறவை, கூகுள்கூட அப்படி ஒன்றைத் திறந்த மூலமாகக் கொடுத்தது. நீளமான வாக்கியம் என்றால் நன்றாகவே ஊகிக்கும். ‘ஊ’ என்று தொடங்கி இரண்டு எழுத்தில் முடிகிற ஒரு ஆள் பெயரை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஒரு மில்லுக்காரர் பெயர் மாமாவின் பெட்டியில் இரண்டு பேராக ஆனது. ஒருவர் கடன்காரர், இன்னொருவர் முன்பணம் கொடுத்தவர். மாமா ஒரு வாரம் யோசித்து, “இந்த ஆளு நல்லவன் பாதி, கெட்டவன் பாதின்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார். அதற்குப் பிறகு அவர் பெட்டியில் ஜோஜியைத் தொடவில்லை நான். தொடாமல் விட்டதால் அவர் பதிப்பு மற்றவர்கள் பதிப்பிலிருந்து விலகிப் போனது. அந்த அறுபத்து மூன்றில் குறைந்தது பதினைந்து இந்த வகை.

போன அன்று

மழையில் டாக்ஸி கிடைக்கவில்லை, பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா பெட்டியை மூடி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. மேசையில் சிவப்பு அட்டைப் பேரேடு. நடக்கிற வருஷத்துடையதுதான். நான் மென்பொருள் கொடுத்த இத்தனை வருஷமாக அவர் கையாலும் எழுதிக்கொண்டேதான் வந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “உன் பெட்டி கூட்டிக் கழிக்க. இது தூங்கறதுக்கு” என்றார். இந்தப் பேரேடு இருந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும் என்ற அர்த்தத்தில்.

வேலை இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிற வழிதான்: அந்த யுனிவர்சல் சிஆர்டியின் நாற்பது சொச்சம் சின்னச் சின்ன டிஎல்எல்களை எங்கள் புரோகிராம் இருக்கிற ஃபோல்டரிலேயே கொண்டுபோய் வைத்தேன். திறந்தது. சோதனைக்கு ஒரு பில் அடித்தேன். மூன்று பிரதி கார்பன் தாளில், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாள், கடைப் பெயரும் கட்டமும் முன்பே அச்சடித்தது. நாங்கள் எண்களை மட்டும் கட்டத்துக்குள் இறக்குவோம். பிரின்டர் எல்பிடி1 என்ற துளையில், அந்தக் காலத்து அகலமான பேரலல் கேபிளில். எங்கள் பழைய நிரல் நடுவில் டிரைவர் எதையும் கேட்காமல் நேராக எல்பிடி1-க்கு எழுதிவிடும். புதிய பெட்டிகளில் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பியிலிருந்து மாற்றுகிற கேபிள் வாங்கினால் அது எல்பிடி1 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாது. ஆக, பெட்டி மாற்றினால் பிரின்டர் போகும், பிரின்டர் போனால் அச்சடித்து வைத்த தாள் போகும், தாள் மூட்டை மூட்டையாகப் பரணில் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, எட்டாம் தலைமுறை இன்டெல் இதெல்லாம் அப்புறம்தான்.

வேலை முடிந்ததும் பையன் டீ கொண்டுவந்தான், கெட்டிப் பால் ஊற்றிய லபெயே. இதுதான் சமயம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் சின்னவள் சொல்லிக்கொண்டிருந்ததை மாமாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். “மாமா, இந்தப் பெட்டிக்கு அடுத்த வருஷத்திலேர்ந்து நாங்க பாக்க முடியாது. உலகத்துல யாருமே இப்ப இதப் பாக்கறதில்ல. பாதுகாப்பும் இல்ல. வேற பெட்டி வாங்கிடுங்க.” அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மேசைக் கண்ணாடியை விரலால் தட்டினார்.

அந்தக் கண்ணாடிக்குக் கீழே விசிட்டிங் கார்டுகள், பீலிக்கான் முனீஸ்வரர் படம், பேத்தியின் பள்ளிக்கூடப் போட்டோ, நடுவில் பழுப்பேறிய ஒரு 75 கியாட் நோட்டு. பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏதோ ராசிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

“இது என்னன்னு தெரியுமா?”

தெரியும் என்றேன். பர்மாவை ஆண்ட நெ வின் தன் 75-ஆவது பிறந்த நாளுக்கு வெளியிட்ட நோட்டு, 1985. பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, வீட்டில் கேட்டது.

“எண்பத்தஞ்சுல பழைய நூறு, அம்பது, இருவதெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டு இதக் கையில குடுத்தான். ரெண்டு வருசம். எண்பத்தேழு செப்டம்பர்ல இதுவும் செல்லாதுன்னுட்டான். இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு, மூணும். இந்தத் தடவ மாத்திக்கவும் விடல. அறுபத்து நாலுல அம்பதும் நூறும் போனப்ப எங்கப்பா. எண்பத்தேழுல நானு. இப்ப நீ வந்து பெட்டி செல்லாதுங்கற.”

கோபமாகச் சொல்லவில்லை. உளுந்து விலை சொல்கிற அதே குரல். நான் உடனே வாதாட ஆரம்பித்தேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அது வேறு மாமா, இது ராத்திரியோடு ராத்திரியாகச் சொன்னது இல்லை, தேதியை மைக்ரோசாஃப்ட் எத்தனையோ வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டது, எல்லோருக்கும் தெரியும். “எல்லாருக்கும்னா யாருக்கு?” என்றார். “உனக்குத் தெரியும்ல. என்கிட்ட எப்ப சொன்ன?”

இப்பதான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதுதான் மனதுக்குள் ஓடியது. ஏழின் கடைசி நாளை நான் முதலில் படித்தது எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன். அது முடிவதற்குப் பல வருஷம் முன்னால். அதன் பிறகு எத்தனை முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன், எத்தனை டீ குடித்திருக்கிறேன். ஒரு முறைகூட ‘மாமா, இந்தப் பெட்டிக்கு இன்ன தேதி வரைதான்’ என்று வாயைத் திறந்ததில்லை. எனக்கே முடிவு வராத விஷயம், சொன்னால் அவர் பயப்படுவார், புதுப் பெட்டிக்குக் காசு கேட்க வந்ததாக நினைப்பார், இப்படி ஒவ்வொரு சாக்கு. மைக்ரோசாஃப்டும் குரோமும் தேதி சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். பயர்பாக்ஸ்காரர்கள் ஏழுக்கென்று 115 பதிப்பை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள், அதிலும் ஒவ்வொரு முறையும் ஒரு தேதி இருந்தது. தேதியே சொல்லாமல் இருந்தது நான்தான். சொல்லாததை ஆதரவு என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெளிந்தது. இத்தனை நாளாக அவருக்கு நான் கொடுத்துவந்தது என்ன? மற்றக் கடைகளுக்குப் புதிதாகச் செய்ததையெல்லாம் அவர் பெட்டிக்குள்ளும் அடைத்துக்கொண்டிருந்தேன். வரைபடம், போனுக்கு பில் அனுப்புவது, வண்ண வண்ணமாக அறிக்கை. அதற்காகத்தான் அறுபத்து மூன்று பிரிவு, அதற்காகத்தான் கம்பைலர் மாற்றம், அதனால்தான் பெட்டி திட்டியது. அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தேவைப்பட்ட மாற்றங்கள் என்று பழைய நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. வருஷக் கணக்கு 2018 அக்டோபரிலிருந்து அக்டோபர்–செப்டம்பர் என்று மாறியது, ஒன்று. 2022 ஏப்ரலில் பழையபடி ஏப்ரல்–மார்ச்சுக்கே திரும்பியது, இரண்டு. (ஏப்ரல் என்ற மாதத்தை நிரலுக்குள் எண்ணாகவே எழுதி வைத்திருந்த முட்டாள் யார் என்று அப்போது தேடினேன். கையெழுத்து என்னுடையது.) வணிக வரியில் ஒரு திருத்தம். எடையில் ஒன்று: இந்தியாவுக்கு உளுந்து போகிற கணக்கு டன்னில், சந்தையில் பேசுவது வீசையில், நடுவில் தசமப் புள்ளி தப்பியது. வீசை என்று சொல்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள், வெள்ளைக்காரன் விஸ் என்று எழுதி வைத்தது நம்ம வீசைதான். தமிழ்நாட்டில் அந்த எடையே மறைந்துவிட்டது, இங்கே இன்னும் 1.63 கிலோவாகத் தராசில் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் செல்லாமல் போனது இங்கே செல்லுகிறது. யார் ஆதரவு கொடுத்தார்களோ.

மறுநாள் சின்னவளிடம் உட்கார்ந்து பேசினேன். நான் தோற்றுப்போக வந்ததாக அவள் நினைத்தாள். பாதி அப்படித்தான். முக்கிய நிரலிலிருந்து ஏழை எடுத்துவிடலாம் என்றேன், அறுபத்து மூன்றையும் அழி. க்யூட் 6-க்குப் போ. ஆனால் அழிப்பதற்கு முன்னால் இப்போது இருக்கிற நிரலை ஒரு நகல் எடுத்து, ஒரு கிளையாகப் பிரித்துத் தனியாக நிறுத்து. அந்தக் கிளையில் புதிது எதுவும் ஏறாது. பழைய கம்பைலர், பழைய க்யூட், எல்லாம் எந்தப் பதிப்போ அந்தப் பதிப்பிலேயே, நிறுவுகிற கோப்புகளோடு ஒரு ஹார்ட் டிஸ்கில். சட்டம் மாறினால், கூட்டல் தப்பினால் மட்டும் கை வைப்போம். அவள் கேட்ட முதல் கேள்வி பாதுகாப்பு. பெட்டி நெட்டில் இல்லை என்று நான் சொன்னதும் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் கடையில் வேலை ஓய்ந்ததும் பையன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு அந்தப் பெட்டியில்தான் பந்தாட்டம் பார்க்கிறான், குரோம் 109-இல். மாமாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. போன முறை பென் டிரைவில் ஃபோல்டரெல்லாம் வைரஸால் ஷார்ட்கட்டாக மாறி வந்ததே, அது எங்கிருந்து என்று அப்போது புரிந்தது. வைஃபை டாங்கிளைப் பிடுங்குவது, தினம் ராத்திரி கணக்கை இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றி எடுப்பது, வாரம் ஒருமுறை அதை எங்கள் பெட்டியில் திறந்து பார்ப்பது, இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டால் கிளை நிற்கலாம் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: “தேதி போடுங்க சயா. தேதி இல்லாத கிளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அடுத்த வாரம் மறுபடி போனேன். மழை விட்டிருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் பாதி, பர்மியத்தில் பாதி, எங்கள் மூன்று பேர் கையெழுத்தோடு. இந்தப் பெட்டியில் இருக்கிற மென்பொருளை 2027 டிசம்பர் 31 வரை பார்த்துக்கொள்வோம். அதுவரை புதிது எதுவும் ஏற்ற மாட்டோம். அதற்குப் பிறகு ஒரு பைசா இல்லாமல் எல்லாக் கணக்கையும் எக்ஸெலிலும் தாளிலும் எடுத்துக் கொடுப்போம். பையன் டாங்கிளைக் கழற்றும்போது என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, வாயை அசைத்து முழுவதும் வாசித்தார். கையெழுத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தார், காசோலை பார்ப்பதுபோல. சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் கேட்பார் என்று.

“டிசம்பர் ஆகாது.”

“ஏன் மாமா?”

“தையிலேர்ந்து புது உளுந்து வர ஆரம்பிச்சுடும். பங்குனி வரைக்கும் நிக்க நேரமிருக்காது. அந்த நேரத்துல பெட்டி மாத்திக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? திஞ்ஜான் புத்தாண்டுக்குக் கடை பத்து நாள் மூடுவோம்ல, அப்ப வச்சுக்கோ. வருசக் கணக்கும் மார்ச்சோட முடிஞ்சிருக்கும்.”

“அப்படின்னா 2028 ஏப்ரலா?”

“நாலு மாசம் உனக்குக் கூடப் போகுதேன்னு பாக்கறியா? அப்ப 2027 ஏப்ரல் போடு. எனக்கு வேலை ஆகணும், அவ்வளவுதான்.”

நான்தான் எட்டு மாதம் கூட்டிக் கொடுத்திருந்தேன், அவர் குறைத்துவிட்டார். டிசம்பர் 31-ஐ அடித்து 2027 ஏப்ரல் 20 என்று எழுதினேன். அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்து போடச் சொன்னார், போட்டேன். பிறகு பேரேட்டைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேராக, என் பெயரையும் இந்தத் தேதியையும் எழுதி ஒரு கோடு இழுத்தார், வரவு பக்கத்தில்.